சிலோனிலிருந்து வந்த குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

தாத்தா பாட்டி 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், அவர்களுடைய பூர்வீகத்தை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி வந்த குடும்பத்துப் பேரன்தான். எங்கள் தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர்.

முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வயதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டு அட்டையில் பெரியவர்கள் வயதெல்லாம் 35, 40, 50 என்றே இருக்கிறது. உத்தேசமாகச் சொன்னதை எழுதியிருக்கிறார்கள்.

தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அது இலங்கையில் எந்தப் பிரதேச செயலகத்தில் (வட்டார அரசு அலுவலகத்தில்) வரும் என்று பார்த்து, அங்கே பிறப்பு, திருமணப் பதிவுகளின் நகல் கேட்கலாம். ஆனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் பதிவு இருக்காது. பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்களோ அத்தனை விதமாகவும் தேடச் சொல்லுங்கள்.

அதற்கும் முந்திய ஊரைக் கண்டுபிடிக்கக் குலசாமிதான் வழி. பெரியவர்களிடம் "எந்த ஊர்?" என்றால் "திருச்சிப் பக்கம்" என்பதோடு நின்றுவிடும். "குலசாமி எது? உங்க கங்காணி எந்த ஊர்க்காரர்?" என்று கேளுங்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் திரட்டினார்கள். எங்கள் பாட்டி ஊர்ப் பேரை மறந்துவிட்டார், சாமி பேரை மறக்கவில்லை. அதை வைத்துத்தான் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் பங்காளிகளைப் பிடித்தோம்.

இன்னொன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: அங்கேயே தங்கிவிட்டவர்களையும் தேடுங்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் நம் தோட்டத் தமிழர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. அதற்கு முந்தின ஆண்டுதான் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார் மலையக (இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதி) எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அவருக்கும் அதே கதிதான். பிறகு 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களைக் கேட்டுப் போட்ட கணக்கு அல்ல. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்க, தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. எங்கள் பாட்டியின் அக்கா இலங்கையில் பொகவந்தலாவையிலேயே இருந்துவிட்டார். எங்களிடம் இல்லாத கல்யாணப் போட்டோ அவருடைய மகள் வீட்டில் இருந்தது.

உங்கள் அட்டையில் இருக்கும் தோட்டத்தின் பெயரைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன்.