டெபாசிட்டில் 6 லட்சம், வெளியே மூணு வட்டிக் கடன்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். போன வருடம் என் கணவர் தவறிவிட்டார். வேறொரு கம்பெனியில் 11 வருடம் வேலையில் இருந்தவர்; அடிப்படைச் சம்பளம் 15,000. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 3 லட்சம் மூணு வட்டிக்கு வாங்கினேன். ஒரு மாதம்கூட வட்டி பாக்கி வைத்ததில்லை. அவருடைய பி.எஃப்., எல்.ஐ.சி. பணம் 6 லட்சம் வங்கியில் 7 சதவீத டெபாசிட்டில் இருக்கிறது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள் கல்யாணம் வரை அதைத் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறேன். இப்போது கொழுந்தனார் பவர் டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பட்டறை) போட 2 லட்சம் கேட்கிறார், ஒரு வட்டி தருவாராம். வங்கியில் யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) எடுக்கச் சொல்கிறார்கள். சம்பளமும் பென்ஷனும் சேர்த்து 17,000தான். என்ன செய்ய?

பதில்: கொழுந்தனாரையும் யூலிப்பையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்களைக் கரைப்பது டெபாசிட்டைத் தொடமாட்டேன் என்கிற பிடிவாதம்.

3 லட்சத்துக்கு மூணு வட்டி மாதம் 9,000, அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். 6 லட்சமும் சேர்ந்து மாதம் தருவது 3,500. வருடத்துக்கு 1,08,000 போகிறது, 42,000 வருகிறது. வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிறது, அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. பாக்கி வைத்ததே இல்லை என்கிறீர்கள். கடன் கொடுத்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

கணவர் உழைத்த காசைத் தொட மனசு வராது, புரிகிறது. ஆனால் அவருடைய வைத்தியத்துக்கு வாங்கிய கடனை அவர் பணத்தில் அடைப்பதில் என்ன தவறு? மகளுக்கான பணம் என்றால், அதைத்தான் மாதாமாதம் வட்டிக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டெபாசிட்டை உடையுங்கள். முன்கூட்டியே முடித்தால் வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் பிடிப்பார்கள். ஒரு மாத வட்டிக்குக்கூட அது வராது. 3 லட்சத்தை வங்கி மூலமே அனுப்புங்கள். அன்றே புரோநோட்டையும், வெற்று செக் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் திரும்ப வாங்குங்கள். ‘அப்புறம் தருகிறேன்’ என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம். கணக்கில் இன்னும் பாக்கி என்று இழுத்தால், 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பதை ஒருமுறை காதில் போடுங்கள்.

மீதியை மறுபடி டெபாசிட்டில் போடுங்கள். மிச்சமாகும் 9,000-இல் 5,000-ஐ அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டுங்கள். 5 வருடத்தில் ஏறக்குறைய 3.5 லட்சம். மகள் கல்லூரியில் இருக்கும்போது, எடுத்த பணம் திரும்பி வந்திருக்கும். மீதி 4,000 வீட்டுக்கு. கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

சரி, கொழுந்தனார். மூணு வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு ஒரு வட்டிக்குக் கடன் கொடுக்க யாராலும் முடியாது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆர்டர் இல்லாத மாதத்தில் முதலில் நிற்பது உங்கள் வட்டிதான். ‘கடனை அடைத்துவிட்டேன், கையில் இல்லை’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. யூலிப் 5 வருடம் பூட்டிக்கொள்ளும், கட்டணம் வேறு, ஏற்ற இறக்கமும் உண்டு. 17,000 சம்பாதிப்பவரிடம் அதை விற்க வங்கிக்காரர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

கடிதத்தில் இல்லாத ஒன்று. உங்கள் கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், பி.எஃப்.போடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீடு உண்டு. பிரீமியத்தைக் கம்பெனிதான் கட்டும் என்பதால் பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. சம்பளத்தைப் போல 35 மடங்கு, அதாவது 5.25 லட்சம், அதோடு பி.எஃப். இருப்பில் பாதி, உச்சவரம்பு 1.75 லட்சம். மொத்தம் 7 லட்சம் வரை வரலாம். அதற்கு விண்ணப்பிக்கும் படிவம் 5 ஐ.எஃப். கேளுங்கள். கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கேளுங்கள்: 11 வருடத்துக்குச் சுமார் 95,000. இறப்பு என்றால் 5 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. இரண்டும் ஏற்கெனவே வந்த 6 லட்சத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பழைய கம்பெனி அலுவலகத்தில் நாளைக்கே விசாரியுங்கள். வந்தால், கொழுந்தனாரிடம் சொல்ல அவசரப்படாதீர்கள்.