பாட்டும் காதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரசனை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் கேட்டு வளர்ந்த பாட்டுகளில் ஒரு நாகரிகம் இருந்தது. காதலைச் சொல்வதில் கூச்சம் இருந்தது. இன்று எல்லாவற்றையும் பச்சையாகப் பாடுகிறார்கள். பாட்டும் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குள்ளேயே என் மகன் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறான். பாட்டு காலத்தின் கண்ணாடி என்றால், இந்தக் கண்ணாடியில் தெரிவது சமூகத்தின் சரிவுதானே?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நடந்தது இது. காரில் ஒரு பழைய காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக நான் முணுமுணுக்கும் பாட்டு. இரண்டாவது சரணம் வந்தபோது பின்னாலிருந்து மகள் கேட்டாள்: “அவதான் வேண்டாம்னு சொல்றாளே, அப்புறமும் ஏன் பின்னாடியே போறான்?” அந்த வரியை நான் எத்தனையோ முறை வாய்விட்டுப் பாடியிருக்கிறேன். அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேசாமல் அடுத்த பாட்டுக்கு மாற்றினேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். விழுமியங்கள் மாறுவதைத் தெரிந்துகொள்ளப் புதுப் பாட்டின் வரிகளைத் துருவுவதைவிட, பழைய பாட்டு எந்த வரியில் இன்று உறுத்துகிறது என்று பார்ப்பது மேல் என்று எனக்குப் படுகிறது.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் உதாரணம் ‘பேபி, இட்ஸ் கோல்ட் அவுட்சைட்’ என்ற ஆங்கிலப் பாட்டு. அமெரிக்கப் பாடலாசிரியர் ஃபிராங்க் லோஸர் 1944இல் தானும் மனைவியும் விருந்துகளில் சேர்ந்து பாடுவதற்காக எழுதியது. 1949இல் ஒரு படத்தில் வந்து ஆஸ்கரும் வாங்கியது. இரவு, வெளியே குளிர். அவள் கிளம்ப வேண்டும் என்கிறாள், அவன் இருக்கச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. இசைத்தாளில் அவன் குரலுக்கு ‘ஓநாய்’ என்றும் அவள் குரலுக்கு ‘எலி’ என்றும் பேர் போட்டிருந்தார்கள். அறுபது எழுபது வருஷம் இதை வேடிக்கைப் பாட்டாகவே எல்லோரும் கேட்டார்கள். 2018 டிசம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அவள் மறுத்தும் அவன் வற்புறுத்துகிறான் என்று சில வானொலிகள் இதை நிறுத்தின. பிறகு எதிர்ப்பு வந்ததும் கனடாவின் பொது வானொலி திரும்பவும் ஒலிபரப்பியது. அடுத்த வருஷமே பாடகர்கள் ஜான் லெஜண்டும் கெல்லி கிளார்க்சனும் வரிகளை மாற்றிப் பாடினார்கள். அதில் அவன் அவளுக்கு வண்டி கூப்பிட்டுத் தருகிறான்! எனக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை. சண்டையும் இல்லை, சரசமும் இல்லை.

மூலப் பாட்டை இன்னொரு முறை நிதானமாகக் கேளுங்கள். அவள் கிளம்புவதற்குச் சொல்லும் காரணங்கள் என்னென்ன? அம்மா கவலைப்படுவாள், அப்பா வீட்டுக்குள் நடைபோட்டுக்கொண்டிருப்பார், அக்கம்பக்கம் என்ன நினைக்கும், அண்ணன் வாசலில் நிற்பான், கல்யாணமாகாத அத்தையின் மனசு பொல்லாதது. எல்லாம் மற்றவர்களைப் பற்றிய பயம். அவளுக்கு இருக்க ஆசை, ஊர் வாய்க்குத்தான் இத்தனை சாக்கு என்று அன்றைய காது கேட்டது. ஆனால் அதே பாட்டில் ‘பதில் இல்லை என்பதுதான்’ என்றும் அவள் சொல்கிறாள். இன்றைய காதுக்கு முதலில் கேட்பது அந்த ஒரு வரி.

இரண்டுமே சரியான கேட்பு என்றுதான் நினைக்கிறேன். ஒரு பெண் ‘எனக்கு இஷ்டம்’ என்று சொன்னாலே பேர் கெட்டுவிடும் என்றிருந்த காலத்தில், இஷ்டத்தையும் அவள் ‘வேண்டாம்’ என்ற சொல்லில்தான் பொதிந்து தர வேண்டியிருந்தது. அதனால் ‘வேண்டாம்’ என்பதற்கு அந்தச் சொல்லின் அர்த்தம் கிடைக்காமலே போனது. இன்று அவள் சரி என்று நேராகச் சொல்ல முடிகிறது. ஆகவே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீங்கள் பழைய பாட்டுகளில் ரசித்த அந்தக் கூச்சம் இருக்கிறதே, அதற்கான செலவு பெரும்பாலும் அவள் கணக்கில்தான் எழுதப்பட்டிருந்தது.

கேட்பவர்கள் பாட்டையே வேறாக்கிவிடுவதும் உண்டு. ‘ரெஸ்பெக்ட்’ (மரியாதை) பாட்டை 1965இல் எழுதிப் பாடியவர் அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங். காசு கொண்டுவருகிற ஆண், வீட்டுக்கு வரும்போது மரியாதை கொடு என்று கேட்கிற பாட்டு. 1967 பிப்ரவரியில் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் அதையே பெண்ணின் பாட்டாகப் பதிவு செய்தார். அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக, ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி என்று சொல்லும் பகுதி அவர் சேர்த்தது. படிக்கத் தெரியாத குழந்தைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுப்பது மாதிரி இருக்கும். மற்றபடி காசு, வீடு, மரியாதை எல்லாம் அப்படியே, கேட்கும் ஆள்தான் மாறியாயிற்று. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்ணுரிமை இயக்கமும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டன. அரீத்தா பாடியதைக் கேட்ட பிறகு ரெடிங்கின் பதிவைக் கேட்டால், ஏதோ நகல் போலத் தோன்றுகிறது. பாவம், மூலம் அவருடையது.

‘பச்சை’ விஷயத்துக்கு நான் அதிகம் மெனக்கெடப் போவதில்லை. 1920களின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) இசைத்தட்டுகளில் இருக்கும் இரட்டை அர்த்தத்தைக் கேட்டால் நீங்கள் இன்றைய ஆட்களை மன்னித்துவிடுவீர்கள். 1957 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி, இடுப்பை ஆட்டிப் பாடும் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டியது. கீழே என்ன நடந்தது என்ற ஆவலைத்தான் அது கிளப்பிவிட்டது. மட்டமான வரி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கும் இன்று சிலதைக் கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் ஒரு வரிக்கு ஆடுகிறவர்கள் எல்லாம் அந்த வரியை ஒப்புக்கொண்டவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தாளம் காலைத் தூக்குகிறது, அர்த்தம் பின்னால் மெதுவாக வருகிறது.

இரண்டரை நிமிடக் கணக்கில் மட்டும் உங்களோடு சண்டை போட வேண்டும். அந்தக் காலத்துப் பாட்டுகள் மூன்று நிமிடம் இருந்ததற்குக் காரணம் பொறுமை அல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். இன்று ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் முப்பது நொடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அந்த முப்பது நொடி தாண்டும்வரை ஆளைப் பிடித்துவைக்கத்தான் பல்லவியைத் தூக்கி முன்னால் வைக்கிறார்கள். இதில் விழுமியம் எங்கே இருக்கிறது? கல்லாப்பெட்டிதான் இருக்கிறது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ பத்திரிகை, எந்த ஆல்பம் அதிகம் விற்கிறது என்பதைப் பல வருஷம் கடைக்காரர்களிடம் விசாரித்துத்தான் பட்டியல் போட்டது. 1991 மே மாதம் அதை விட்டுவிட்டு, பில் போடும் இடத்தில் பதிவாகும் பார்கோடு எண்ணிக்கைக்கு மாறியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) ஆல்பம் நுழைந்த வாரமே முதலிடம். நாலே மாதத்தில் ஒரு தேசத்தின் ரசனை புரண்டுவிட்டதா? இல்லை. அவர்கள் முன்பே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விசாரித்தபோது கடைக்காரர் வாயில் அந்தப் பேர்கள் அவ்வளவாக வரவில்லை. எல்லோரும் அன்று இப்படித்தான் ரசித்தார்கள் என்று யாராவது சொன்னால், அந்த ‘எல்லோரும்’ யார் எண்ணியது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தக் கதையிலிருந்து வந்தது. நீங்கள் கேட்டு வளர்ந்த காலத்துக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் மகன் விஷயம். அவன் தாவாமல் கடைசிவரை கேட்கும் பாட்டு ஒன்றாவது இருக்கும். அது எது என்று கேளுங்கள், கூடவே உட்கார்ந்து நீங்களும் முழுதாகக் கேளுங்கள். அப்புறம் உங்களுக்குப் பிடித்த பழையது ஒன்றைப் போட்டுவிட்டு, எந்த வரியில் அவன் முகம் மாறுகிறது என்று பாருங்கள். அந்த வரி எது என்று எனக்கு எழுதினால் சந்தோஷப்படுவேன்.