சொந்த விருப்பத்தின் பேரில்

வணக்கம் ஐயா,

உங்கள் எழுத்தை ஆறேழு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடம் கேட்கிறேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். வயது 68. பத்து நிமிடத் தூரத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அன்றே வெண்டிலேட்டர் வைத்தார்கள். அதற்குப் பிறகு தினமும் காலை பதினொரு மணிக்கு பில்லிங் கவுண்டரிலிருந்து போன் வரும், இன்றைக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இங்கே இதற்குச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாளில் 4 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கட்டினோம். அம்மாவின் நகை, என் வளையல், சவூதியில் இருக்கும் அண்ணன் அனுப்பியது எல்லாம் அதில் போய்விட்டன. பத்தாம் நாள் என்னிடம் எதுவும் இல்லை. "அப்படியானால் ஜி.எச்.சுக்குக் கொண்டு போய்விடுங்கள்" என்றார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஜி.எச்.சில் இரண்டு மணி நேரம் அப்பா ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். அவர் வாயில் இருந்த குழாயில் பையை மாட்டி என்னையே அழுத்தச் சொன்னார்கள். பிறகு மிஷின் கிடைத்தது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அங்கே ஒரு ரூபாய்கூட பில் வரவில்லை. இரண்டாம் நாள் இரவு ஒரு பயிற்சி மருத்துவர், என் தம்பி வயதுதான் இருக்கும், என்னை உட்காரவைத்து, "அக்கா, அப்பா கண் விழிக்க மாட்டார். நீங்கள் வீட்டில் சொல்லி வைப்பது நல்லது" என்றார். பன்னிரண்டு நாளில் ஒருவர் என்னிடம் உண்மையைச் சொன்னது அப்போதுதான்.

கருமாதிக்கு வந்த அண்ணன் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, "நீதானே எழுதிக் கொடுத்திருக்கிறாய்? தர்மாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுக் கொன்றுவிட்டாய்" என்றார். அதன் பிறகு பேசுவதில்லை. ஐயா, நான் அப்பாவைக் கொன்றுவிட்டேனா?

க.

*

அன்புள்ள க.,

இல்லை. நீங்கள் கொல்லவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

உங்கள் ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டுக் கடிதத்தை வெளியிடுகிறேன். உங்களைப் போலவே அந்தத் தாளை நினைத்துத் தூங்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நானும் அதே தாளில் கையெழுத்துப் போட்டவன்.

2016இல் என் அக்காவுக்குக் கணையத்தில் அழற்சி. ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 நாட்கள் இருந்தாள். பதின்மூன்றாம் நாள் காலையில் மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. உங்களால் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எது முடியுமா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. முடியாது என்றேன். அரைமணி நேரத்தில் தாள் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். அக்காவின் பெயரும் படுக்கை எண்ணும் மட்டும் கையால் நிரப்பப்பட்டிருந்தன. கவுண்டரில் இருந்த பெண் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள். நூலில் கட்டி வைத்திருந்த பேனா அதுவரை எட்டவில்லை. அவளே தாளை நகர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

நான் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மருத்துவர்களின் ஆலோசனைக்கு மாறாக, விளைவுகளை முழுமையாக அறிந்து, என் சொந்த விருப்பத்தின் பேரில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன் என்று அதில் இருந்தது. எந்த ஆலோசனைக்கு மாறாக? காலையில் என்னைக் கூப்பிட்டு முடியுமா என்று கேட்டவர் அந்த மருத்துவர்தான். எது என் விருப்பம்? அக்கா அங்கேயே இருந்து குணமாக வேண்டும் என்பதுதான் என் விருப்பமாக இருந்தது. கையில் பணம் தீர்ந்தது என்ற ஒரே உண்மைக் காரணத்தை எழுத அந்தத் தாளில் இடமே விடப்படவில்லை.

என் அக்கா பிழைத்துவிட்டாள். அரசு மருத்துவமனையில் 40 நாள் கிடந்து எழுந்து வந்தாள். அதனால் அந்தத் தாளை யாரும் எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டவில்லை. நீங்கள் போட்டதும் நான் போட்டதும் ஒரே கையெழுத்துதான். எனக்கு அது புத்திசாலித்தனம் என்று பெயர் வாங்கித் தந்தது, உங்களுக்குக் கொலைப்பழி வாங்கித் தந்திருக்கிறது. நம் இருவரின் செயலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நோய்தான் வேறு.

அந்தத் தாள் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. ஒன்பது நாள் ஓரிடத்தில் வைத்திருந்த நோயாளி, பணம் தீர்ந்ததும் வெண்டிலேட்டரோடு வெளியே வருகிறார். மரணம் அரசு மருத்துவமனையில் நிகழ்கிறது, இறப்புப் பதிவும் அங்கேதான் ஆகிறது. தனியார் மருத்துவமனையின் ஏட்டில் அவர் சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறியவர். ஊர் பார்ப்பது என்ன? அங்கே இருந்தவரை உயிரோடு இருந்தார், இங்கே கொண்டு வந்தார்கள், செத்துவிட்டார். இப்படி ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை சேர்ந்து சேர்ந்துதான், தர்மாஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டார்கள் என்ற பேச்சு நிலைத்திருக்கிறது. உங்கள் அண்ணன் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். தந்தையின் மூச்சை மகளின் கையில் கொடுப்பது கொடுமை. அந்தப் பையை அழுத்தும்போது நம் மூச்சையும் அதோடு சேர்த்து விட ஆரம்பித்துவிடுவோம் என்று அக்காவின் பக்கத்துப் படுக்கையில் மகனுக்காக அழுத்திக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் சொன்னார். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் ஏன் நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். "படுக்கை இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்று தனியார் மருத்துவமனை தினமும் சொல்கிறது. அரசு மருத்துவமனை அப்படிச் சொல்லக் கூடாது. 1992இல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்று அனுப்பிவிட்டன. கடைசியில் தனியாரில் பணம் கட்டிப் பிழைத்தார். அந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது அரசியல் சட்டம் தந்திருக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்பது அதற்குச் சாக்கு ஆகாது என்று தீர்ப்பளித்தது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் கதவை மூடக்கூடாது என்றால் உள்ளே இருக்கும் மிஷின்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும், செவிலியர்களும் கூட வேண்டும். அது போதிய அளவுக்கு நடக்காததால்தான் வெளியே இருக்க வேண்டிய வரிசை வார்டுக்குள், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாயில் படுத்திருக்கிறது.

அரசு மருத்துவமனையின் குறைகள் எனக்குத் தெரியும். 40 நாள் இருந்திருக்கிறேன். ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ள வார்டு ஊழியர் இருநூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். கழிப்பறைக்குப் போவதற்குப் பயந்து அக்கா தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். எந்தச் சீட்டை எந்தக் கட்டடத்தில் காட்ட வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். இவற்றுக்கெல்லாம் பணம் மட்டும் காரணமல்ல. கேள்வி கேட்கக்கூடியவர்கள் எல்லாரும் அங்கிருந்து போய்விட்டார்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், பத்திரிகைக்காரர், எழுதுகிற நான் உட்பட, கையில் காசு இருக்கும்வரை அந்த வாசலை மிதிப்பதில்லை. சட்டமும் அங்கே இருப்பவர்களைத் தனியாகத்தான் நிறுத்தியிருக்கிறது. பணம் கட்டிச் சிகிச்சை பெறுபவர் நுகர்வோர், எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடத்துக்குப் போகிறவர் நுகர்வோர் அல்லர் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ரசீது இல்லாத நோயாளிக்கு நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவு கிடையாது.

ஒரு ரூபாய்கூட பில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக நடந்துவிடவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதற்கும் மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து அனுப்பும் முறையைக் கட்டினார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன முறை அது. இன்னொரு கணக்கு: 2017-18இல் மத்திய அரசு எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, மகப்பேறு நீங்கலாக, ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. தனியாரில் பில்லை வைத்து முடிவெடுக்கிறார்களா என்று கேட்டால் எல்லா மருத்துவர்களும் கோபப்படுவார்கள். பலர் உண்மையிலேயே அப்படி எடுப்பதில்லை. ஆனாலும் 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம் அறுவைப் பிரசவம், தனியாரில் 63.8. நோயாளிகளின் உடல்வாகு மட்டுமே இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

காப்பீட்டு அட்டை விஷயத்தை மற்ற வாசகர்களுக்காகவும் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். ஆனால் அது பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான் செல்லும். பல நாட்கள் வெண்டிலேட்டரில் வைத்துக் கவனிக்கும் செலவுக்கு வரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. சேர்க்கும் அன்றே, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, அட்டை செல்லுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உயிருக்குப் போராடும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது யாருக்கு இது நினைவிருக்கும் என்று கேட்பீர்கள். உண்மைதான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

அந்தப் பயிற்சி மருத்துவரைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று வரிகள்தான் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமானவையாகத் தோன்றின. இரவு, அத்தனை நோயாளிகளுக்கு நடுவே, ஒரு சின்னப் பையன் உங்களை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நீங்கள் வளையலை விற்றிருக்க மாட்டீர்களோ, விற்றிருப்பீர்களோ, எதுவானாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். நரம்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பரிடம் கேட்டேன். கசிந்த ரத்தத்தின் அளவு, மூளையில் அது இருக்கும் இடம், வந்து சேர்ந்தபோது நினைவு எந்த அளவுக்கு இருந்தது, வயது, இவற்றைக் கொண்டு முதல் நாளிலேயே ஓரளவுக்குச் சொல்ல முடியும் என்றார். உங்கள் அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அதுதான் சரி.

உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பணம் அனுப்பியவர். இன்னும் கொஞ்சம் அனுப்பியிருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் பழியை உங்கள் பக்கம் தள்ளுகிறார். இந்தக் கோபம் எப்போதும் கைக்கு எட்டிய ஆள் மேல்தான் விழுகிறது. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினாரே, தாய்க்கு நடந்த சிகிச்சை சரியில்லை என்ற கோபம் என்று செய்திகள் கூறின. அந்த மருத்துவர் பிழைத்தார். உங்கள் வீட்டில் எட்டிய தூரத்தில் இருந்தவர் நீங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இரண்டு மருத்துவமனைகளிலும் அப்பாவின் முழு சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. தனியார் மருத்துவமனையிடம் ரசீதுகள் எல்லாவற்றையும் பட்டியலோடு கேளுங்கள். அங்கே நீங்கள் நுகர்வோர். புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. புகார் செய்ய வேண்டுமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். பதிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், என் நண்பர் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது கசப்பாக இருந்தாலும் மறைக்காமல் அனுப்புவேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். மற்ற பதிவுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எடுத்த ஸ்கேன் அறிக்கை கையில் கிடைத்த அன்றே அதைப் படமெடுத்து, வேறு எதுவும் எழுதாமல், அண்ணனுக்கு அனுப்பிவையுங்கள்.