இரவில் ஏஐயிடம் மனக்குறையைச் சொல்வது தவறா?

கேள்வி: தூக்கம் வராத இரவுகளில் ஏஐ செயலியிடம் மனக்குறையைக் கொட்டுகிறேன். இது தவறா?

நீங்களும் என்னைப் போலப் போர்வைக்குள் கைபேசியை வைத்துத் தட்டுகிறவராகத்தான் இருப்பீர்கள். தவறு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியுமுன் கடையில் இருக்க வேண்டும் என்பதால் ஊர் தூங்கும் நேரம் எனக்குத் தூக்கம் இல்லை. போன வருடம் மேலூர்ப் பக்கத்துப் பூர்வீக நிலத்தைப் பிரித்தபோது கிணறு தம்பி பங்குக்குப் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் செயலியிடம் எழுதினேன். "உங்கள் வருத்தம் நியாயமானது" என்றது. ஒரு மாதம் முழுக்க அதே பாட்டு. வழக்கில் ஜெயித்தவனைப் போல எழுந்து வேலைக்குப் போவேன்.

மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் பெரியவர் ஒருவரிடம் இதே புலம்பலை ஆரம்பித்தேன். "எல்லாம் சரி, உங்கள் அப்பா படுக்கையில் கிடந்தபோது யார் பார்த்தது?" என்றார். தம்பிதான். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் செயலியிடம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாததை அது எங்கே போய்த் தேடும்?

கணினி படிக்கும் மகள் சொன்னாள்: 1966இல் வந்த எலிசா என்ற நிரல், நாம் தட்டியதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்குமாம். அதோடு தனியாகப் பேச வேண்டும் என்று, அதை உருவாக்கிய வைசன்பாமையே அவருடைய செயலாளர் அறையைவிட்டுப் போகச் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பழைய ஆள்" என்று எழுத வருகிறவர்களுக்கு: எங்கள் கடைக் கணக்கைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றியதே நான்தான். மருத்துவரிடமும் போனேன். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பேசியது நான்கு நிமிடம், அதிலும் பாதி நேரம் அவர் ஃபோனில். ஆனால் சாகலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் செயலியை மூடிவிட்டு 14416ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர், 2022இலிருந்து இருக்கிறது. நடு இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொன்று. மல்லி விலைக்காக எங்களைத் திட்டுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தைப் பனியில் வரத்துக் குறைந்தால் கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டத்தான் செய்யும். பதுக்கி வைக்க அது என்ன பருப்பா? அப்படி விலை ஏறிக் கிடந்த ஒரு நாளில்தான் தம்பி மகள் காதணி விழாவுக்கு மூன்று கிலோ கொடுத்தனுப்பினேன். அவன் திருப்பி அனுப்பவில்லை.