கோதுமையும் நிலைத்தன்மையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வட இந்தியாவில் முதுகலை வேளாண்மை படிக்கிறேன். பல ஊர்களில், சில ஆண்டுகள் நடந்த கோதுமைச் சோதனைகளின் மகசூல் விவரம் கையில் இருக்கிறது. எந்த ரகம் நிலையானது என்று சொல்ல வேண்டும். ரெக்ரஷன் (புள்ளிகளுக்கு ஒரு கோடு பொருத்திப் பார்க்கும் கணக்கு) போட்டால் ஒரு ரகம் முதலில் வருகிறது. அம்மி போட்டால் (நம் வீட்டு அம்மி இல்லை, ஏஎம்எம்ஐ என்ற இன்னொரு புள்ளியியல் முறை) வேறொன்று வருகிறது. சராசரியில் முதலிடம் பிடிக்கும் ரகம் இரண்டிலும் பின்தங்குகிறது. எதை நம்புவது? மெக்சிகோ கோதுமைகள் ‘எங்கும் விளைபவை’ என்று நீங்கள் முன்பு எழுதியதைப் படித்ததால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கணக்கில் தப்பு இருக்காது. ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வி வேறு, அதனால் பதிலும் வேறு.

1963-இல் ஃபின்லே, வில்கின்சன் இருவரும் தெற்கு ஆஸ்திரேலியாவில் 277 பார்லி ரகங்களை வைத்து வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். கோதுமைக்காரர்களும் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சூழல் நல்லதா கெட்டதா என்பதை மழையை வைத்து அளப்பதா, மண்ணை வைத்தா? அவர்கள் அதைப் பயிரிடமே விட்டுவிட்டார்கள். ஓர் ஊரில் ஓர் ஆண்டு எல்லா ரகங்களும் சேர்ந்து தந்த சராசரிதான் அந்தச் சூழலின் மதிப்பு. அதற்கு எதிரே ஒவ்வொரு ரகத்தின் மகசூலையும் வைத்து ஒரு கோடு போட்டார்கள். நீங்கள் போட்ட ரெக்ரஷன் இதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. பல ரகங்களை விதைத்த மூன்று ஊர்களின் சராசரி எக்டேருக்கு 20, 40, 60 குவிண்டால். அவற்றில் மூன்று ரகங்களை மட்டும் பார்ப்போம். முதல் ரகம் அங்கே 30, 38, 46 தருகிறது. இரண்டாவது 20, 42, 64. மூன்றாவது 15, 20, 25. கோட்டின் சாய்வு முறையே 0.4, 1.1, 0.25. சாய்வு குறைந்ததே நிலையானது என்று எடுத்தால் பரிசு மூன்றாவது ரகத்துக்குப் போகும். எங்கே விதைத்தாலும் ஏமாற்றுவதில் அது நிலையானதுதான்! சராசரியில் இரண்டாவது முந்துகிறது, 42 குவிண்டால். ஆனால் சராசரி 20 மட்டுமே வரும் வறண்ட ஊர்க்காரர் இரண்டாவதை விட்டு முதல் ரகத்தை விதைத்தால் பத்து குவிண்டால் கூடுதலாக எடுப்பார். அவரிடம் போய் சராசரியைப் பேசி என்ன ஆகப்போகிறது?

1966-இல் எபர்ஹார்ட்டும் ரஸ்ஸலும் மக்காச்சோளத்துக்கு வேறு அளவுகோல் வைத்தார்கள். சாய்வு 1, கோட்டிலிருந்து விலகல் பூஜ்யத்துக்கு அருகில், சராசரியும் நன்றாக இருக்க வேண்டும். இதன்படி முதல் ரகம் தேறாது, இரண்டாவது கிட்டத்தட்டத் தேறிவிடும்.

சரி, அம்மிக்கு வருவோம். ரகத்தின் சராசரியையும் ஊரின் சராசரியையும் கழித்தபின் மிஞ்சுவதை மட்டும் எடுத்து, அதில் பெரிய போக்குகளைத் தேடுகிற முறை அது. ஒவ்வொரு போக்கும் ஓர் அச்சு, ஆகப் பெரியது முதல் அச்சு. இதன் பலம் எங்கே என்றால், இரண்டு ஊர்களில் சராசரி 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீர் இல்லை. மற்றதில் தண்ணீர் உண்டு, ஆனால் நெல் அறுப்பு தள்ளிப்போய் டிசம்பர் கடைசியில் விதைத்தார்கள், மணி பிடிக்கிற நேரத்தில் வெயில் பிடித்துக்கொண்டது. ரெக்ரஷனுக்கு இரண்டும் ஒரே புள்ளி. அம்மி அவற்றைப் பிரித்துக் காட்ட வாய்ப்புண்டு. ஆனால் அச்சில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ரகம் மட்டமான ரகமாகவும் இருக்கலாம், சராசரியைத்தான் முதலிலேயே கழித்துவிட்டோமே.

அதனால் முதல் அச்சில் எந்த ஊர்கள் ஒருபக்கமாக ஒதுங்குகின்றன என்று பாருங்கள். விதைத்த தேதி, பாசன எண்ணிக்கை, மார்ச் மாத வெப்பநிலை மூன்றையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2022 மார்ச் உங்கள் தரவில் இருந்தால் தனியாகக் கவனியுங்கள். 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச் அது. மணிகள் சுருங்கிப்போனதால், பஞ்சாப், ஹரியானாவில் அரசுக் கொள்முதலுக்குச் சுருங்கிய மணியின் வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. மே 13-இல் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. அப்படி ஓர் ஆண்டு உள்ளே இருந்தால் அதுவே ஓர் அச்சை இழுத்துக்கொள்ளும்.

ஊரையும் ஆண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ‘சூழல்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு ரகம் ஓர் ஊரில் ஆண்டுதோறும் முந்துகிறது என்றால், அந்த ஊருக்கு அதையே பரிந்துரைத்துவிடலாம், அங்கே நிலைத்தன்மையைத் தேடி அலைய வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறினால்தான் தொல்லை. அடுத்த மார்ச் எப்படி இருக்கும் என்று நவம்பரில் விதைக்கிறவருக்குத் தெரியாது. எனவே ரகம்–ஊர், ரகம்–ஆண்டு, மூன்றும் சேர்ந்தது என மாறுபாட்டைத் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள்.

‘எங்கும் விளைபவை’ என்று நான் எழுதியது பகல் நீளத்தை மனதில் வைத்து. மெக்சிகோவில் அந்தக் கோதுமைகளை உருவாக்கிய நார்மன் போர்லாக், அங்கே ஒரே ஆண்டில் ஒரு தலைமுறையைக் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலுள்ள சொனோராவிலும், அடுத்ததைச் சுமார் 2600 மீட்டர் உயரத்து தொலூக்காவிலும் வளர்த்தார். இரண்டு இடத்திலும் தாக்குப்பிடித்த செடிகளையே தேர்ந்தார். பகல் நீளம் மாறினாலும் பூக்கிற கோதுமை அப்படித்தான் கிடைத்தது. தண்ணீரும் உரமும் இல்லாத இடத்தில் அதே ரகங்கள் அப்படி விளையும் என்று நான் சொல்லவில்லை.

பூஞ்சையால் வரும் துரு நோய் வேறு இருக்கிறது. 1995-இல் வந்த பிபிடபிள்யூ 343 என்ற கோதுமை ரகம் வடமேற்குச் சமவெளியை ஏறக்குறைய ஆக்கிரமித்தது. பிறகு அதன் எதிர்ப்பு மரபணுவை உடைக்கிற மஞ்சள் துரு இனம் வந்ததும் சரிந்தது. அதற்கு முந்தைய தரவை எந்த முறையில் போட்டிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

உங்களால் செய்ய முடிந்த சோதனை ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டாக விட்டுவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். ஓர் ஆண்டை எடுத்ததும் ஒரு ரகம் முதலிடத்திலிருந்து எட்டாம் இடத்துக்குப் போனால் அதை நிலையானது என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு ரகமும் எந்த ஊரில், எந்த ஆண்டில் ஆகக் குறைவாக விளைந்தது, எவ்வளவு என்று ஓர் அட்டவணையும் வையுங்கள். விதைக்கிறவர் முதலில் கேட்பது அதைத்தான். அதைப் பின்னிணைப்பில் தள்ளிவிட வேண்டாம்.