கிணற்று நீச்சலும் எட்டு டிகிரிக் கடலும்

அன்புள்ள அண்ணா,

சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். இப்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் முதுகலை படிக்கிறேன். ஆற்காடு, வாணியம்பாடி, செய்யாறு என்று நம் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் உடன் இருக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் மெட்ரோ ஏறி டைன்மவுத் லாங்சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போய் சர்ஃபிங் பழகுகிறோம். நாலு பேருக்கும் கிணற்று நீச்சல் நன்றாக வரும். ஆனால் நவம்பர் பிறந்ததிலிருந்து இருபது நிமிடத்தில் கை விறைத்துப்போகிறது. என்னிடம் இருப்பது பழைய 4/3 வெட்சூட் (குளிர்கடலில் போடும் ரப்பர் உடுப்பு). கீழ்முதுகில் தண்ணீர் புகுகிறது. 5/4 வாங்க வேண்டுமா, இதையே ஒப்பேற்றலாமா? தினமும் பச்சைத்தண்ணீரில் குளித்தால் உடம்பு பழகுமா? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் இருக்கலாம்? அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார், ஒன்றும் சொல்ல மாட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் ஜன்னி வரும் என்பார். ஜனவரியில் ஊருக்கு வரும்போது சூட்டைக் கோவளத்துக்கு எடுத்துவரலாமா?

க.

அன்புள்ள க.,

முதலில் கிணற்றை ஒதுக்கி வைத்துவிடுவோம். நம் பக்கம் மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மேலே காற்று 18 டிகிரிக்கு இறங்கியிருந்தாலும் உள்ளே தண்ணீர் 25க்குக் குறையாது. அதில் எத்தனை மணிநேரம் ஊறினாலும் குளிருக்குப் பயிற்சி ஆகாது. உங்கள் வடகடல் அக்டோபரில் ஏறக்குறைய 12, 13 டிகிரி. டிசம்பரில் எட்டு, ஒன்பது. கடல் மெதுவாக ஆறும் என்பதால் அடிமட்டம் பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும், அப்போது ஆறு டிகிரி அளவு. ஆகவே இப்போது நீங்கள் படுவது தொடக்கம்தான். வாங்குவதை பிப்ரவரியை மனத்தில் வைத்து வாங்குங்கள்.

கை விறைப்பதையும் கீழ்முதுகில் தண்ணீர் புகுவதையும் இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றே. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். நடு உடம்பு சூட்டை இழக்கத் தொடங்கியதும், இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். முதுகில் ஓட்டையை வைத்துக்கொண்டு கையுறை மட்டும் வாங்கினால் இருபது நிமிடம் இருபத்தைந்தாகும், அவ்வளவுதான்.

சூட் எப்படி வேலை செய்கிறது என்பதிலும் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. உள்ளே தங்கும் தண்ணீர்தான் சூடு தருகிறது என்பார்கள். ஆனால் உடல் வெப்பம் வெளியேறாமல் தடுப்பது, சூட் செய்யும் ரப்பரான நியோப்ரினுக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள். 1950களின் தொடக்கத்தில் பெர்க்லியின் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டது இதைத்தான். உள்ளே தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, இருக்கும் கொஞ்சமும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் பழைய தண்ணீர் வெளியேறிப் புதிய எட்டு டிகிரித் தண்ணீர் உள்ளே வந்தால், ஆறு மில்லிமீட்டர் தடிமன் இருந்தும் பயனில்லை. 4/3 என்பதில் முதல் எண் நடு உடம்பின் தடிமன், இரண்டாவது கைகால்களின் தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில். அளவு பொருந்தாத 5/4ஐவிடக் கச்சிதமான 4/3 மேல்.

கச்சிதம் என்றால்: நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பை விழக்கூடாது. கழுத்து இறுக்கமாக, ஆனால் எச்சில் விழுங்க இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேண்டும். நம் பையன்களில் பலர் உயரமும் ஒல்லியும். கடைக்காரர் ‘எம்’ எடுத்துக் கொடுப்பார், இடுப்பில் தொளதொளக்கும். ‘எஸ்டி’, ‘எம்டி’ என்று ஒல்லியான உயரக்காரர்களுக்குத் தனி அளவுகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். முதுகு ஜிப்பைவிட மார்பு ஜிப் குறைவாகக் கசியும். உங்களுக்குக் கீழ்முதுகு நனைவது ஜிப்பாலா, தொளதொளப்பாலா, தையலாலா என்று முதலில் பாருங்கள். சூட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, கால் நுனியைக் கட்டி, ஒவ்வொரு பகுதியாகத் தண்ணீர் ஊற்றிப் பிடித்தால் கசியும் இடத்தில் துளி அரும்பும்.

தையல் விஷயத்தை உங்கள் அப்பாவிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். மலிவு சூட்டுகளில் இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஊசி முழுக்க ஊடுருவித் தைத்திருப்பார்கள். ‘ஃபிளாட்லாக்’ என்று பெயர். ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு வாசல். கோடைக்கு அது போதும். குளிர்கால சூட்டில் விளிம்போடு விளிம்பைப் பசையால் ஒட்டி, வளைந்த ஊசியால் பாதித் தடிமன் மட்டும் பிடித்துத் தைப்பார்கள். மறுபக்கம் துளை போகாது. அதன்மேல் உள்ளே ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஷூ அப்பரில் முதலில் பேஸ்டிங், பிறகு ஸ்டிட்சிங் என்பதுபோலத்தான். பசையும் உறவுக்காரப் பசையே: ஷூ கம்பெனியில் சொல்யூஷன் என்று அழைப்பதில் ஒரு வகை, நியோப்ரினின் வேதிப்பொருளான பாலிகுளோரோப்ரினில் செய்தது.

கிழிசலை ஒட்டும் முறையும் அங்கே செய்வதுதான். நல்ல தண்ணீரில் அலசி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், உப்பும் ஈரமும் இருந்தால் ஒட்டாது. இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவு உலரட்டும். இன்னொரு பூச்சு, மறுபடி உலரல், பிறகு விளிம்புகளைச் சரியாகச் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதுதான் எல்லாரும் கெடுக்கும் இடம். ஒரு நாள் கழித்துத்தான் கடல். உடனே ஒட்டும் சூப்பர் பசை வேண்டாம், அது கெட்டியாகி, சூட் நீளும்போது பக்கத்தில் புதிதாகக் கிழிக்கும். புது சூட்டுக்கு முதல் எதிரி உங்கள் நகம். விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல் விரல் வயிற்றால் பிடித்து ஏற்றுங்கள். காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

தையல் சரியாக இருந்து அளவும் பொருந்தினால் இந்த 4/3 நவம்பர் வரை போகும். டிசம்பருக்கு 5/4 வேண்டும். அதோடு 5 மி.மீ. பூட்ஸ், 3 அல்லது 5 மி.மீ. கையுறை, தலைமூடி. பூட்ஸின் விளிம்பு சூட்டின் கால் பகுதிக்கு உள்ளே போக வேண்டும். வெளியே விட்டால் ஒவ்வொரு அலையும் அதில் தண்ணீர் நிரப்பும். கால் பிடிப்புக்காகக் கோவளத்தில் போர்டில் தேய்க்கும் வெப்பமண்டல மெழுகு அங்கே கல்லாகிவிடும், கால் வழுக்கும். குளிர்நீர் மெழுகு தனியாக விற்கிறது.

பச்சைத்தண்ணீர்க் குளியல் பற்றி. 15 டிகிரிக்குக் கீழே தண்ணீரில் திடீரென இறங்கினால் மூச்சு தானாக உள்ளிழுக்கும், பிறகு படபடவென வாங்கும். முதல் அரை நிமிடத்தில் உச்சம், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். அந்த முதல் இழுப்பின்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. இந்த அதிர்ச்சிக்கு உடம்பு பழகும், ஐந்தாறு முறை இரண்டு மூன்று நிமிடம் குளிர்நீரில் இறங்கினாலே பாதியளவு குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பழகுவது மூச்சு மட்டுமே. கை விறைப்பதற்கு அந்தப் பயிற்சி உதவாது. எனவே குளித்தாலும் குளிக்காவிட்டாலும், கடலில் இடுப்பளவில் நின்று முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் அள்ளிவிட்டு, மூச்சு சீரான பிறகே அலைக்குப் போங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு யாருக்காவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

நேரம்: டிசம்பரில் முழு உடுப்போடு 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருப்பது இங்கேதான் உதவும். குளிர் சரியாக முடிவெடுக்கும் திறனையும் கெடுக்கும். “இன்னும் ஒரே ஒரு அலை” என்று சொல்பவருக்குத் தன் நிலை தெரியாது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டை விரலால் சுண்டு விரலைத் தொடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இருவருமே கரைக்கு, பேச்சு வார்த்தை கிடையாது. நாக்கு குழறினாலும் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலும் அதேதான். உதடு நீலமாவதை நம்பாதீர்கள், நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் அது அவசர நிலை. 999க்கு அழைத்து கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) கேளுங்கள். குளிர்காலத்தில் கரையில் லைஃப்கார்டு இருக்க மாட்டார்கள்.

பலரும் அலட்சியமாக விடுவது வெளியே வந்த பிறகான அரைமணி. கரையேறியும் நடு உடம்பின் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஈர சூட்டோடு நின்று போட்டோ எடுப்பது அந்த நேரத்தில்தான். காற்றுக்கு மறைவாக, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நின்று, துண்டு போர்வை போர்த்திக்கொண்டு மாற்றுங்கள். சூட்டை இடுப்பு வரை இறக்கி, மேலுடம்பைத் துடைத்து, பனியன், ஸ்வெட்டர், குல்லாய் எல்லாம் போட்ட பிறகே கீழ்ப்பாதி. துணிகளைப் போடும் வரிசையிலேயே பையில் அடுக்கி வையுங்கள், விறைத்த கையால் தேட முடியாது. பட்டன் சட்டை வேண்டாம். ஃபிளாஸ்க்கில் இனிப்புச் சுக்குக் காபி, கூடவே ஏதாவது தின்ன. நடுங்கும்போதே கொதிக்கும் ஷவருக்குள் போனால் தோலின் ரத்தநாளங்கள் சட்டென்று விரிந்து மயக்கம் வரலாம். மதுவும் அதே வேலையைத்தான் செய்யும்.

டைன்மவுத் நம் சோழமண்டலக் கரையைப்போலவே கிழக்கு பார்த்தது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் அலை முகம் வழவழப்பாக நிற்கும். ஆனால் அதே காற்று களைத்தவரைக் கடலுக்குள் தள்ளும். கடல் ஏற்ற இறக்கம்தான் உங்களுக்குப் புதிது: சென்னையில் ஒரு மீட்டர் அளவு, அங்கே அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டரைத் தாண்டும். அட்டவணை பார்க்காமல் போகாதீர்கள். இழுவை நீரோட்டத்தில் சிக்கினால் போர்டை விடாதீர்கள், கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் துடுப்பு போடுங்கள். டிசம்பர் நடுவில் பிற்பகல் 3.40க்கே சூரியன் மறையும், இரண்டு மணிக்குப் பிறகு இறங்க வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சளியும் காய்ச்சலும் கிருமியால் வருபவை. காதைப் பற்றி அவர் பயந்தால் மட்டும் அதில் நியாயம் உண்டு. குளிர்நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுக் குழாயில் எலும்பு வளர்ந்து அடைக்கும். தலைமூடியும் காதடைப்பானும் முதல் வருடத்திலிருந்தே போடுங்கள்.

கோவளத்துக்கு சூட் வேண்டாம். ஜனவரியிலும் அங்கே தண்ணீர் 25 டிகிரிக்கு மேல், 5/4 போட்டால் வெந்துவிடுவீர்கள். குளிர்நீர் மெழுகும் போர்டில் உருகி ஓடும். அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையும் போதும். சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்பில் மடித்துத் தடித்த ஹேங்கரில் போட்டுவிட்டு வாருங்கள். தோளில் மாட்டினால் நீண்டுவிடும். ஹீட்டர் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.