சிக்குன்குனியாவுக்கு டாக்டர் ஏன் ஆன்டிபயாடிக் எழுதித் தர மாட்டேங்குறாரு, காய்ச்சல் போன அப்புறமும் மூட்டு வலி ஏன் போகல?

நான் காரைக்கால்காரன், கல்யாணம் ஆகி, இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சுத் தீவான ரீயூனியன்ல செயின்ட்-ஆந்த்ரேங்கற ஊர்ல செட்டில் ஆனவன். இங்க இந்த நோயைப் பத்திப் பேசாத வீடே கிடையாது. 2005-06ல தீவுல மூணுல ஒரு பங்கு ஜனத்துக்கு மேல வந்துச்சு, உச்சத்துல ஒரே வாரத்துல 40,000 பேருக்கும் மேல படுத்தாங்க.

ஆன்டிபயாடிக்னா பாக்டீரியாவோட செல் சுவரையோ, அது புரதம் செய்யற ரைபோசோமையோ அடிக்கிற மருந்து. சிக்குன்குனியா வர்றது வைரஸால, வைரஸ்கிட்ட ரெண்டுமே இல்ல, அப்புறம் எதை அடிக்கிறது? அதுகிட்ட இருக்கறது சுமார் 11,800 எழுத்து நீளத்துல ஒரு ஆர்என்ஏ (அதோட மரபுத் தகவல் இருக்கற இழை), அதைச் சுத்தி ஒரு புரத ஓடு, அதுக்கு மேல நம்ம செல்லுலேர்ந்தே கிள்ளிக்கிட்டு வந்த கொழுப்புச் சவ்வு, அவ்வளவுதான்.

கொசு கடிச்சதும் வைரஸ் நம்ம செல் மேல ஒட்டிக்கும், செல்லே அதை ஒரு சின்னப் பையில போட்டு உள்ள இழுத்துக்கும், பைக்குள்ள அமிலம் ஏறினதும் வைரஸ் மேல இருக்கற ஈ1ங்கற புரதம் வடிவம் மாறி ரெண்டு சவ்வையும் ஒட்ட வைக்கும், ஆர்என்ஏ உள்ள விழுந்துடும். கூத்து இனிமேதான். நம்ம ரைபோசோம் அதை நம்மளோட ஆர்என்ஏன்னு நெனச்சு நேரா படிச்சுப் புரதம் செய்ய ஆரம்பிச்சுடும், முதல்ல வர்றதே அந்த ஆர்என்ஏவைக் காப்பி எடுக்கற என்சைம். அதோட சேந்து வர்ற இன்னொரு புரதம் செல்லோட சொந்த வேலையையே முடக்கிடும். புது வைரஸ் ஆயிரக்கணக்குல வெளிய போகும், செல்லு பெரும்பாலும் செத்துடும்.

அந்த காப்பி என்சைம் இருக்கே, வாத்தியார் திருத்தாத நோட்டு மாதிரி, தப்பா எழுதினாலும் அப்படியே போயிடும். பெரும்பாலான தப்பு வைரஸுக்கே கெடுதல். ஆனா 2005ல ஈ1 புரதத்துல 226வது இடத்துல அலனைன்ங்கற அமினோ அமிலம் போய் வாலின்ங்கற இன்னொண்ணு வந்துச்சு, ஆர்என்ஏல மாறினது ஒரே ஒரு எழுத்து, அதுல இந்த வைரஸ் புலிக்கொசுவுக்குள்ள ரொம்ப நல்லா வளர ஆரம்பிச்சுடுச்சு. எங்க தீவு முழுக்க இருக்கறது அந்தக் கொசுதான், பூந்தொட்டித் தட்டுல தேங்கின தண்ணி போதும் அதுக்கு. அப்ப நோய் வந்தவங்க உடம்புல எதிர்ப்பு தங்கிடுச்சு, அதனாலதான் 2025ல திரும்ப பரவினப்ப முக்கியமா மாட்டினது அதுக்கப்புறம் பொறந்த பிள்ளைங்களும் அப்ப தப்பிச்சவங்களும். தடுப்பூசி வந்துச்சு, ஆனா வயசானவங்க சிலருக்கு மோசமான பக்கவிளைவு வந்ததால 2025 ஏப்ரல்ல 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குப் போடறதை நிறுத்தினாங்க.

வலி விஷயம். வைரஸ் ஒரு வாரத்துல ரத்தத்துலேர்ந்து போயிடும், காய்ச்சலும் வைரஸ் நேரடியா தர்றது இல்ல, நம்ம உடம்பு அதோட சண்டை போடறதுல வர்ற சூடு. ஆனா மூட்டுச் சவ்வு, தசையில எல்லாம் வைரஸ் புகுந்த எடத்துல எதிர்ப்பு செல்லுங்க குவிஞ்சு வீக்கம் வரும், அது லேசுல அடங்காது, எங்க மாமியாருக்கு மாடிப்படி ஏறவே பல மாசம் ஆச்சு.

அதனால டாக்டர் டோலிப்ரானும் (இங்க விக்கிற பாராசிட்டமால் மாத்திரை) ஓய்வும் மட்டும் சொன்னா அலட்சியம்னு நெனச்சுக்காதீங்க. டெங்கு இல்லன்னு டெஸ்ட்ல தெரியற வரைக்கும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் பக்கம் மட்டும் போயிடாதீங்க, டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு ஆயிடும்.